கோபே நகரப் பூமியதிர்ச்சியும் நமது லயங்களும்

1995ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை. நாம் தைப்பொங்கல் கொண்டாடி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. யப்பான் நாட்டின் கோபே நகரில் நேரம் விடியற்காலை 5 மணி 46 நிமிடம். நமது தோட்டங்களில் என்றால் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்து, பிரட்டுக்குப் போக ஆயத்தமாகிற நேரம். கோபேயில் அது கடுங்குளிர் காலம். பெரும்பாலான சனம் போர்வைக்குள் படுத்திருந்தது. நிலம் சுமார் 20 விநாடிகள் குலுங்கியது. ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணிப் பாருங்கள், அவ்வளவு நேரந்தான். அதற்குள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் முற்றாக விழுந்தன. அன்றும், அதன் விளைவாகப் பின்னரும் இறந்தவர்களின் தொகை இறுதிக் கணக்கில் 6,434. காயப்பட்டவர்கள் 40,000 பேருக்கு மேல்.

இதை ஏன் நமது இதழில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். தோட்டப் பாடசாலையில் படிக்கும் பிள்ளையொன்று புவியியல் கொப்பியைக் கொண்டுவந்து, "ஐயா, பணக்கார நாட்டுல பூமி அதிர்ந்தா என்னா நடக்கும், அவங்க என்னா செய்வாங்கன்னு எழுதச் சொல்லியிருக்காங்க" என்று கேட்டது. பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அதன் ஆயா, "என்னா நடக்கும்? காசு இருக்குற நாடு, எல்லாத்தையும் திருப்பிக் கட்டிக்குவாங்க" என்று பதில் சொல்லிவிட்டார். ஆயா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அது பரீட்சைக்கும் உதவும், லயத்தில் இருக்கிற பெரியவர்களுக்கும் உதவும்.

அதிர்ந்தது ஏன்?

பூமியின் மேலோடு பல பெரிய தகடுகளாகக் கிடக்கிறது. யப்பான் இத்தகைய தகடுகள் ஒன்றோடொன்று நெருக்கும் இடத்தில் இருக்கிறது. நெருக்கம் கூடக்கூட, பாறையில் முன்னமே இருக்கிற வெடிப்பு ஒன்று ஒரு கணத்தில் வழுக்கிவிடும். அந்த உதறலைத்தான் பூமியதிர்ச்சி என்கிறோம். பாடப் புத்தகத்தில் புவிநடுக்கம் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. கோபேக்கு எதிரே கடலில் இருக்கும் அவாஜி தீவின் வட முனையில், சுமார் 16 கிலோமீற்றர் ஆழத்தில் வழுக்கல் தொடங்கியது. யப்பானிய அளவின்படி பருமன் 7.3. அந்த வெடிப்பு தீவில் நிலத்துக்கு மேலேயும் தெரிந்தது. அதற்கு நொஜிமா வெடிப்பு என்று பெயர். இன்றைக்கும் அதன் மேல் ஒரு கட்டடம் கட்டி, சனம் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

கோபே ரொக்கோ மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் நகரம். அப்போது அங்கே சுமார் 15 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். நிலம் போதாதென்று மலையை வெட்டி, அந்த மண்ணைக் கடலில் கொட்டித் தீவுகள் அமைத்து, அவற்றின் மேல் துறைமுகம் கட்டியிருந்தார்கள். குலுங்கியவுடன் கொட்டிய மண் கூழாகிப் போனது. வாளியில் ஈரமணலை நிரப்பித் தட்டிப் பாருங்கள். தண்ணீர் மேலே வரும், மணல் கீழே போகும். அதே சங்கதிதான். பாரந்தூக்கிகள் சரிந்தன, இறங்குதுறைகள் கடல்பக்கம் நகர்ந்தன. கொள்கலன் ஏற்றுமதியில் உலகில் ஆறாவது இடத்தில் இருந்த துறைமுகம் அது. இரண்டு வருடத்தில் திருத்தினார்கள். ஆனால் அதற்குள் கப்பல்கள் கொரியாவின் பூசான் முதலிய துறைமுகங்களுக்குப் பழகிவிட்டன. பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. வாடிக்கை ஒருமுறை கைமாறினால் என்ன ஆகும் என்பது தேயிலையை நம்பி வாழும் நமக்குத் தெரியாததல்ல.

யார் இறந்தார்கள்?

பிள்ளைகள் இந்தப் பகுதியை நன்றாகக் கவனிக்க வேண்டும். பத்திரிகைகளில் அதிகமாக வந்த படம், கொங்கிறீற் தூண்களில் நின்ற ஹன்சின் அதிவேகப் பாதை 635 மீற்றர் நீளத்துக்கு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் படம். அதைப் பார்த்தவர்கள் பாதை விழுந்துதான் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள் என்று நினைத்தார்கள். உண்மை வேறு. இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் தங்கள் வீட்டின் கீழேயே நசுங்கியோ மூச்சுத் திணறியோ போனார்கள். பலர் முதல் பதினைந்து நிமிடத்துக்குள்ளேயே இறந்துவிட்டார்கள்.

அவை பெரும்பாலும் பழைய மரவீடுகள். சூறாவளி தூக்காதிருக்கக் கூரையில் கனமான ஓடு, சில இடங்களில் ஓட்டுக்குக் கீழே களிமண். தாங்கும் மரமோ கறையான் அரித்தது. எனது ஊரான தெல்லிப்பழையில் பழைய நாற்சார் வீடுகளில் பனஞ்சலாகைக்கு மேல் ஓடு போட்டிருப்பார்கள். சலாகை வைரமென்றால் ஓடு நிற்கும். கோபேயில் கூரை கனமாக இருந்தது, கால்கள் மெலிந்து இருந்தன. 1981ஆம் ஆண்டில் யப்பான் அரசாங்கம் கட்டடச் சட்டத்தை இறுக்கியிருந்தது. அதற்குப் பிறகு கட்டிய கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன, அதற்கு முந்தியவை விழுந்தன. ஒரே தெருவில் புதுவீடு நிற்க, அடுத்த பழைய வீடு தரைமட்டமாகக் கிடந்தது.

பழைய வீட்டில் யார் இருப்பார்கள்? வயோதிபர்களும் வருமானம் குறைந்தவர்களும்தான். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 60 வயதைத் தாண்டியவர்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். நகாதா என்ற பகுதியில் சப்பாத்துத் தைக்கும் சிறு தொழிற்சாலைகள் நெருக்கமாக இருந்தன. கொரிய வம்சாவளியினரும் வியட்நாமில் இருந்து வந்தவர்களும் அங்கே வேலை செய்தார்கள். இறப்பர், பசை, மரவீடு எல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொண்டது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்திருந்ததால் தீயணைப்புக்காரர் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. நகரம் முழுவதிலும் 7,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. ஆகவே ஆயா சொன்ன "காசு இருக்குற நாடு" என்பதற்குள்ளும் காசு இல்லாத ஆட்கள் இருந்தார்கள், நிலம் குலுங்கியபோது அவர்களின் கூரைதான் முதலில் விழுந்தது.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1993 செப்டெம்பர் 30ஆந் திகதி இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலம் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்ற ஊரை மையமாக வைத்துப் பூமி அதிர்ந்தது. நேரம் அதிகாலை 4 மணியளவில். பருமன் 6.2தான், கோபேயை விட எவ்வளவோ சிறியது. ஆனால் இறந்தவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். அங்கே மண்சாந்து வைத்துக் கட்டிய தடித்த கருங்கல் சுவரும், வெயிலுக்காகக் கூரையில் கொட்டிய கனத்த மண்ணும் தூங்கியவர்கள் மேல் விழுந்தன. பருமனை மட்டும் பார்த்துச் சேதத்தைச் சொல்ல முடியாது என்று பரீட்சைக்கு எழுதும்போது இந்த இரண்டையும் உதாரணம் காட்டலாம்.

முதலில் கை கொடுத்தவர் யார்?

கோபேயில் இடிபாட்டுக்குள் சுமார் 35,000 பேர் அகப்பட்டிருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 27,000 பேரை வெளியே எடுத்தவர்கள் வீட்டாரும் அயலாரும். பொலிசும் தீயணைப்புப் படையும் இராணுவமும் எடுத்தது மீதியைத்தான். உலகத்திலேயே பூமியதிர்ச்சிக்கு அதிகம் ஆயத்தமான நாடு என்று பெயரெடுத்த யப்பானில் இதுதான் நடந்தது. பாதைகள் விழுந்து, தெருக்கள் அடைபட்டு, தொலைபேசி வேலை செய்யாமல் போயிற்று. மாகாண ஆளுநர் முறைப்படி கேட்டால்தான் இராணுவம் வரலாம் என்பது அன்றைய ஒழுங்கு. அந்தக் கோரிக்கை போகவே நான்கு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. மோப்ப நாய்களோடு வரத் தயாராக இருந்த வெளிநாட்டு உதவியை ஏற்பதிலும் தயங்கினார்கள். பிரதமர் முரயாமாவின் அரசாங்கம் இதற்காக நன்றாக ஏச்சு வாங்கியது. பிறகு விதிகளை மாற்றினார்கள்.

அதே நாளில் அவாஜி தீவில் நடந்ததை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை. வெடிப்பின் மேலேயே இருந்த ஹொக்குடன் என்ற சிற்றூர். வெங்காயத்துக்குப் பேர்போன தீவு அது, எங்கள் வலிகாமத்தைப் போல. மீன்பிடியும் உண்டு. அங்கே வீடுகள் விழுந்து சுமார் 300 பேர் அகப்பட்டார்கள். ஊர் ஆட்களும், தோட்டவேலை, கடல்வேலைக்கு நடுவே தீயணைப்புக்குப் பயிற்சி எடுத்திருந்த தொண்டர்களும் சேர்ந்து அன்றே எல்லோரையும் தேடி முடித்துவிட்டார்கள். கண்ட இடமெல்லாம் கிண்டவில்லை. இந்த வீட்டில் எத்தனை பேர், கிழவி எந்த அறையில் எந்தப் பக்கம் படுப்பாள், மகன் இரவு வீட்டுக்கு வந்தவனா இல்லையா என்பதெல்லாம் அயலாருக்குத் தெரியும். நேரே அந்த இடத்தில் ஓட்டை அகற்றி ஆளை எடுத்தார்கள். கோபே நகரத்துத் தொடர்மாடிகளில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாத ஆட்கள் இருந்தார்கள். அங்கே தேடுவது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை.

லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவுக்குக் கேட்கும் என்று குறைப்படுகிறோம். குறைதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அந்த நெருக்கம் நமக்கு ஒரு முதல்.

பிறகு வந்த துன்பம்

உதவிகள் வந்தன. வராமல் இல்லை. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாடசாலைகளிலும் மண்டபங்களிலும் தங்கினார்கள். மின்சாரம் ஒரு கிழமைக்குள் வந்துவிட்டது, எரிவாயுவும் தண்ணீரும் முற்றாகச் சீராக ஏப்ரல் வரை சென்றது. அதிவேக ரயில் ஏப்ரலில் ஓடியது. சாய்ந்த பாதையை 1996 செப்டெம்பரில் முழுவதுமாகத் திறந்தார்கள். நாடெங்கும் இருந்து ஒரு வருடத்தில் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் வந்து சமைத்தார்கள், மண் அள்ளினார்கள். இதையெல்லாம் பார்த்தால் ஆயா சொன்னது சரி என்றுதான் தோன்றும். சேதம் ஏறக்குறைய 10 இலட்சம் கோடி யென். இருந்தும் கட்டினார்கள்.

தனியார் வீட்டுக்கு அரசாங்கம் பணம் தராது என்பது மட்டும் அப்போது கொள்கையாக இருந்தது. பூமியதிர்ச்சிக் காப்புறுதி எடுத்திருந்தவர்கள் அந்த மாகாணத்தில் நூற்றுக்கு மூன்று வீட்டார்தான். விழுந்த வீட்டின் கடனைக் கட்டிக்கொண்டே புதுவீட்டுக்கும் கடன் எடுத்தவர்கள் ஏராளம். சனம் கேட்டுக் கேட்டு, 1998ஆம் ஆண்டில்தான் வீடிழந்தோருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் சட்டம் வந்தது.

பெரிய பிழை நடந்த இடம் தற்காலிக வீடுகள். 48,000க்கு மேற்பட்ட வீடுகளைச் சில மாதங்களில் கட்டினார்கள். யாருக்கு எந்த வீடு? சண்டை வரக்கூடாது என்று திருவுளச்சீட்டுப் போட்டார்கள். வயோதிபர், அங்கவீனர், நோயாளருக்கு முதலிடம் கொடுத்தார்கள். கேட்கும்போது எவ்வளவு நியாயம்! நடந்தது என்னவென்றால், நாற்பது ஐம்பது வருடம் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த கிழவி நகரத்துக்கு வெளியே, மலைக்கு அந்தப் பக்கம், ஒருவரையும் தெரியாத வரிசையில் போய் விழுந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் அவளைப்போலவே தனித்த முதியவர்கள். கதவைத் தட்டி "என்ன, இண்டைக்குக் காணேல்லை" என்று கேட்க ஆளில்லை. இறந்து நாட்கள் கழிந்து கண்டெடுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். கடைசித் தற்காலிக வீடு 2000ஆம் ஆண்டில் மூடப்படும்வரை அப்படி யாருமறியாமல் தனியே இறந்தவர்கள் 233 பேர் என்று கணக்கெடுத்தார்கள். பின்பு நல்ல மாடிவீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அங்கேயும் அந்தச் சாவு நிற்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்குத் தெல்லிப்பழைதான் நினைவுக்கு வந்தது. 1990இல் யுத்தத்தால் எங்கள் ஒழுங்கை முழுதும் வெளியேறியது. எனக்கு அப்போது பத்து வயதுகூட இல்லை. மல்லாகத்தில் சிலர், சுன்னாகத்தில் சிலர், மானிப்பாயில் சிலர், கொஞ்சப்பேர் கடல் கடந்தும் போனார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு காணியை விட்டார்கள். பற்றையை வெட்டினோம், கிணற்றை இறைத்தோம், சுவர் எழும்பியது. ஒழுங்கையில் பதினேழு வீடு இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது மூன்றில். என் அப்பாச்சி (உங்கள் பேச்சில் அப்பாயி) திரும்பிவந்து, "வீடு இருக்கு, கதைக்க ஆளில்லை" என்றுதான் கடைசிவரை சொன்னார். பூமியதிர்ச்சியும் யுத்தமும் ஒன்றல்ல. இடம்பெயர்ந்த கிழவிக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் முடிகிறது.

யப்பான்காரர் அந்தப் பிழையிலிருந்து படித்தார்கள். 2004 அக்டோபர் 23ஆந் திகதி நீகாதா மாகாணத்தில் இன்னொரு அதிர்ச்சி வந்தது. யமகொஷி என்ற மலைக்கிராமம், நம் மலைநாடு போலப் படிப்படியாக வயல், பள்ளத்தாக்கு, வளைந்த பாதை. மண்சரிவால் எல்லாப் பாதையும் அடைபட, 2,000க்கு மேற்பட்ட ஊராரையும் ஹெலிகொப்டரில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். இம்முறை தற்காலிக வீட்டுக்குச் சீட்டுப் போடவில்லை. மலையில் எந்தக் குடியிருப்பில் யார் யார் பக்கத்தில் இருந்தார்களோ, அந்தந்தக் குடியிருப்பு ஒரே வரிசையில் இருக்கும்படி பிரித்தார்கள். மூன்று வருடத்துக்குள் பெரும்பாலானோர் ஒன்றாகவே மலைக்குத் திரும்பினார்கள்.

நம் மலைகளில்

இலங்கை தகட்டின் ஓரத்தில் இல்லை, அதனால் கோபே போன்ற அதிர்ச்சி இங்கே எளிதில் வராது. 2020இல் கண்டி திகன பக்கம் வந்தவை சிறு அதிர்வுகள். 2004 சுனாமியைக் கொண்டுவந்த அதிர்ச்சியும் சுமாத்திரா பக்கத்தில்தான் நடந்தது. நமக்கு அந்த 20 விநாடி மண்சரிவாக வருகிறது.

2014 அக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். இறந்தோரும் காணாமற் போனோருமாக 37 பேர். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. கோபேயில் 1981இன் சட்டத்துக்கு முந்திய வீடுகள் ஆபத்து என்று தெரிந்தும் அப்படியே நின்றன. மீரியபெத்தையில் மலை ஆபத்து என்று தெரிந்தும் லயம் அங்கேயே நின்றது. இதில் பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பேதம் எனக்குத் தெரியவில்லை. தப்பியவர்கள் மாக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இரண்டு வருடம் இருந்தார்கள். 2016 அக்டோபரில் 75 வீடுகள் கிடைத்தன. காத்திருந்த காலம் மிக அதிகம். ஒன்றாக இருந்தவர்கள் ஒன்றாகவே குடியேறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6ஆந் திகதி இரவு கேரளத்தில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியிலும் இதே கதை. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் போனார்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் செய்தி வெளியே போகவே விடிந்துவிட்டது. முதல் இரவு முழுதும் அங்கேயும் அயலார்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் நாட்டில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதில் மலைநாட்டு மண்சரிவின் பங்கு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதற்குப் பிறகு வேறிடத்தில் வீடு என்ற பேச்சு பல தோட்டங்களில் நடக்கிறது. அப்படிப் பேச வருகிறவர்களிடம் எத்தனை பேர்ச்சஸ், கூரை ஓடா தகரமா என்று கேட்பதோடு, எங்கள் லயத்தை ஒரே வரிசையில் வைப்பீர்களா என்றும் கேளுங்கள். தனித்த ஆயாமாரை அவர்களின் பழைய அயலுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் காசு செலவில்லை.

அதுவரை நம் கையில் உள்ள வேலைகள். பல தோட்ட ஆபிசுகளில் மழைமானி உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வானொலியில் சொல்வது இதைத்தான். கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, மழை நாளில் அந்த எண்ணைப் பிள்ளைக்காம்பராச் சுவரில் எழுதி வையுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்கிற மரம், இறுகி அடைபடாத கதவு, புதிதாக ஊறும் கலங்கல் தண்ணீர் கண்டால் மழை விட்டதா என்று பார்க்காமல் வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் சொல்லுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு லயமும் ஒரு தாள் கொண்டுவர வேண்டும். காம்பரா இலக்கம், இரவில் தங்குவோர் எத்தனை பேர், முதியவர் யார், நடக்க முடியாதவர் யார், அவரைத் தூக்கப் போவது யார் என்று எழுதினால் போதும். பிள்ளைகளே எழுதலாம். கொழும்பில் வேலை செய்து மாதக் கடைசியில் வருகிறவர்களை வேறாகக் குறிக்கவும். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை தன் லயத்துத் தாளை முந்தாநாளே எழுதிவிட்டது. பன்னிரண்டு காம்பரா, நாற்பத்தொன்பது பேர், தூக்க வேண்டியவர் இருவர். அதில் ஒருவர் அந்த ஆயா.